உள்ளங்காலிலிருந்து தொடங்குங்கள்: வேட்டைப்பறவைக்கு நாமே பெர்ச் செய்யும் முறை

கட்டையையும் கம்பியையும் தேடிப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டு, அவருடைய பறவையின் பாதத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்ன முகிழ்கள், தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. விரல்களுக்கு அடியில் மெத்தை மெத்தையாகத் திரண்ட சதை. நடுவில் ஒரு பெரிய மெத்தை. இரையைப் பிடிப்பதும் உடம்பைத் தாங்குவதும் இந்தப் பாதம்தான். நீங்கள் செய்யப்போகும் பெர்ச்சின் மேல், அதாவது பறவை நிற்கும் தாங்கியின் மேல், பகலும் இரவும் அழுந்தப்போவதும் இதுதான்.

காட்டில் இருக்கும் பறவை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாறை விளிம்பு, பட்ட மரம், மண்மேடு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் பாதத்தின் வேறு வேறு பகுதி எடையை வாங்கிக்கொள்ளும். நடுநடுவே பறக்கும்போது கால்களுக்கு ஓய்வும் கிடைக்கும். நாம் கட்டி வைத்த பறவைக்கு அந்த வசதி இல்லை. ஒரே பரப்பு, ஒரே அழுத்தம், மணிக்கணக்காக. அதனால் தோல் தேய்ந்து, சிவந்து, பிறகு கிருமி உள்ளே புகுந்து வரும் நோய்க்கு பம்பிள்ஃபுட் என்று பெயர். பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிதான் அதற்குள் இருக்கும். முற்றிப் போனால் எலும்பு வரை பரவும், பறவையைக் காப்பாற்றுவதே கடினமாகிவிடும். உடல் எடை கூடுவது, பறக்க விடாமல் வைத்திருப்பது, உணவில் வைட்டமின் ஏ குறைவது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெர்ச்சைத்தான், ஏனென்றால் அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

நான் செய்த முதல் பெர்ச்சில் வீட்டுத் தரைவிரிப்பை வெட்டிச் சுற்றினேன். மெத்தென்று இருந்தால் பறவைக்கு நல்லது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் உள்ளங்காலின் நடுவே ஒரு இடம் மட்டும் வழவழப்பாக, இளஞ்சிவப்பாக மினுங்கியது. முகிழ்கள் அங்கே அழிந்துபோயிருந்தன. விரிப்பு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். பெர்ச்சை மாற்றிய பிறகு தோல் பழையபடி ஆகப் பல வாரம் பிடித்தது. இந்தக் கட்டுரையில் உறை போடுவதைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்வதற்கு அந்த மூன்று வாரம்தான் காரணம்.

உரிமம் இல்லாமல் வேட்டைப்பறவை வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். சில இடங்களில் தனி ஆட்கள் வைத்திருக்க அனுமதியே கிடையாது. இங்கே சொல்லும் முறைகள் அனுமதி பெற்று வளர்ப்பவர்களுக்கும், அடிபட்ட பறவைகளைப் பராமரிக்கும் மையங்களில் உதவி செய்பவர்களுக்கும் ஆனவை.

எந்தப் பறவைக்கு எந்தப் பெர்ச்

பொரி வல்லூறு, சேக்கர், ஜிர், கெஸ்ட்ரல் போன்ற வல்லூறு வகைகளில் பெரும்பாலானவை பாறை விளிம்பிலோ அதுபோன்ற தட்டையான இடத்திலோ அமர்ந்து பழகியவை. அவற்றின் விரல்கள் நீளமாக விரிந்து நிற்கும். அவற்றுக்குத் தட்டையான தலை கொண்ட கட்டைப் பெர்ச் வேண்டும். வைரி, காஸ்ஹாக் போன்றவையும் ஹாரிஸ் பருந்து, செவ்வால் பருந்து போன்றவையும் கிளையைப் பற்றி அமர்பவை. அவற்றுக்கு வில் போல வளைந்த பெர்ச். ஹாரிஸ் பருந்து கட்டையிலும் நன்றாகவே நிற்கும், அதனால் அதற்கு இரண்டையும் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அது நல்ல பழக்கம்.

அரபு நாட்டு வல்லூறு வளர்ப்பாளர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் வக்ர் என்பதும் கட்டைப் பெர்ச்தான். காளான் வடிவத் தலை, அதன்மேல் உறை, கீழே மணலில் ஆழமாக இறங்கும் நீண்ட கூர்முனை. மணலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே கூர்முனை அவ்வளவு நீளம்.

இன்னொரு வகை உண்டு. உயரத்தில் நீளமான கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து துணித்திரையைத் தொங்கவிடுவார்கள். பழைய படங்களில் அழகாக இருக்கும். பறவை பாய்ந்து தலைகீழாகத் தொங்கினால் திரையைப் பிடித்துத் தானே ஏறி வர வேண்டும். ஏற முடியாமல் தொங்கியபடியே இறந்த பறவைகள் உண்டு. புதியவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். கழுகுக்கான பெர்ச்சையும் முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எடைக்கும் வேகத்துக்கும் எல்லா அளவுகளும் மாறும்.

அளவு எடுப்பது

வேட்டைப்பறவைகளில் பெண்தான் பெரிது. பொரி வல்லூற்றில் ஆண் அரை கிலோவைச் சுற்றி இருந்தால் பெண் 1 கிலோவை நெருங்கும். அதனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யக்கூடாது.

வில் பெர்ச்சுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெவ்வேறு கனமுள்ள கிளைகளை எடுத்து, கையுறையில் நிற்கும் பறவையை ஒவ்வொன்றிலும் ஏற விடுங்கள். முன்விரல்களும் பின்விரலும் சேர்ந்து கிளையின் சுற்றளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்திருந்தால் அந்தக் கனம் சரி. கிளை மெல்லியதாக இருந்தால் விரல்கள் முழுதும் சுற்றி வந்து நகம் அதன் உள்ளங்காலிலேயே குத்தும். அந்தச் சின்னக் காயம் வழியாகவும் கிருமி நுழையும். மிகவும் தடிமனாக இருந்தால் பாதம் பற்ற முடியாமல் விரிந்து, எடை முழுக்க நடுமெத்தையில் இறங்கும். ஹாரிஸ் பருந்துக்கு உறையோடு சேர்த்து 35 முதல் 40 மில்லிமீட்டர் வரும். வைரி போன்ற சின்னப் பறவைக்கு 20 முதல் 25 போதும். இவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே. பறவையின் பாதம் வேறு சொன்னால் பாதம் சொல்வதைக் கேளுங்கள்.

கட்டைப் பெர்ச்சின் தலைக்கு, கெஸ்ட்ரல் என்றால் 10 சென்டிமீட்டர் விட்டம், ஆண் பொரி வல்லூற்றுக்கு 15, பெண் வல்லூற்றுக்கும் ஜிர் வகைக்கும் 18 முதல் 20. இங்கே ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பறவையின் இரு கால்களிலும் தோல்வார்கள் இருக்கும். அவை ஒரு சுழலியில் சேரும், சுழலியிலிருந்து கட்டுக்கயிறு கிளம்பும். கட்டையின் தலை குறுகலாகவும் கால்வார்கள் நீளமாகவும் இருந்தால், ஒரு வார் கட்டைக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் விழுந்து, பறவை கட்டையின் மேல் கால் அகட்டியபடி மாட்டிக்கொள்ளும். திரும்பவும் முடியாது, இறங்கவும் முடியாது. நாம் பார்க்கும் வரை அப்படியே நிற்கும். தலையின் விட்டம் கால்வாரின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கால்வாரையும் தேவைக்கு மேல் நீளமாக வெட்டாதீர்கள்.

உயரத்துக்கு ஒரே விதிதான்: நிமிர்ந்து நிற்கும்போது வால் நுனி தரையைத் தொடக்கூடாது, ஈரப்புல்லில் உரசவும் கூடாது. நடுத்தரப் பறவைக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரும். அதற்கு மேல் உயர்த்தினால் பாய்ந்து விழும் தூரம் கூடும்.

கட்டைப் பெர்ச்

முதல் பெர்ச்சாக இதைச் செய்யச் சொல்வேன். வளைக்கும் வேலை இல்லை.

வேண்டியவை: 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கடினமான மரத்துண்டு, 16 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி 60 சென்டிமீட்டர், ஒரு கனமான வாஷர் அல்லது வட்டத் தகடு, கட்டுக்கயிறைக் கட்டுவதற்கு முழுதும் வெல்டிங் செய்து மூடிய துருப்பிடிக்காத வளையம், உறை. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தை எடுக்காதீர்கள். பறவை அலகைத் துடைப்பதும் கட்டையைக் கொத்துவதும் அதில்தான்.

மரத்தை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் கடைந்துகொள்ளுங்கள். மேலே 18 என்றால் கீழே 10 போல. அப்படி இருந்தால் எச்சம் கட்டையின் பக்கத்தில் வழியாமல் வெளியே விழும். கடைசல் இயந்திரம் இல்லையென்றால் வெளி உபயோக பிளைவுட்டில் வெவ்வேறு அளவு வட்டங்களை வெட்டி, பெரியது மேலே வருமாறு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, பிறகு படிகளை உப்புத்தாளால் சரித்துவிடலாம். பார்வைக்குக் கடைந்தது போல இருக்காது. பறவைக்கு வித்தியாசம் தெரியாது.

மேல்விளிம்பை நன்றாக மழுக்குங்கள். வல்லூறு பல நேரம் முன்விரல்களை விளிம்புக்கு வெளியே மடித்துத் தொங்கவிட்டு நிற்கும். அந்த இடத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால் விரல் அடியில் ஒரு கோடு போல அழுந்திவிடும்.

கட்டையின் அடியில் நட்டநடுவே 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு டிரில் செய்து, கம்பியை இறுக்கமாக இறக்கி, எபாக்ஸி பசை வைத்து, பக்கவாட்டில் ஒரு சின்ன ஆணியால் குறுக்கே பூட்டுங்கள். பசையை மட்டும் நம்பாதீர்கள். மழை, வெயில், தினமும் பறவை இழுக்கும் இழுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கட்டை கழன்று வந்துவிடும். வளையமும் கம்பியிலிருந்து உருவி வரும். வளையத்தையும் கயிற்றையும் காலில் இழுத்துக்கொண்டு பறந்துபோன பறவையைக் கண்டுபிடித்தாலும் முழுதாகக் கிடைப்பது அரிது.

கட்டைக்குக் கீழே 12 முதல் 15 சென்டிமீட்டர் கம்பி தரைக்கு மேல் தெரிய வேண்டும். தரை மட்டம் வரும் இடத்தில் தகட்டை வெல்டிங் செய்யுங்கள். அதற்கு முன்னால் வளையத்தைக் கம்பியில் போட மறக்காதீர்கள். இதை மறந்து தகட்டை வைத்துவிட்டுத் திரும்ப அறுத்தவர்கள் ஏராளம். வளையம் தகட்டின் மேல் உட்கார்ந்து தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். இழுப்பு தரையோடு ஒட்டி இருந்தால் பெர்ச் சாயாது, கயிறும் கட்டையில் சுற்றிக்கொள்ளாது. தகடு இல்லாவிட்டால் வளையம் சேற்றில் புதைந்து நின்றுவிடும். அப்புறம் பறவை வட்டமடிக்க வட்டமடிக்கக் கயிறு கம்பியில் சுருண்டு குறுகிக்கொண்டே வரும்.

கம்பியின் அடிமுனையைக் கூராக்கிக்கொள்ளுங்கள். கெட்டியான மண்ணுக்கு இந்த நீளம் போதும். மண் பொலபொலவென்று இருந்தால் கம்பியை 20 சென்டிமீட்டராவது கூட்டுங்கள். மணல் என்றால் அதற்கும் மேல்.

வில் பெர்ச்

ஹாரிஸ் பருந்து அளவுள்ள பறவைக்கு 12 மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 140 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நடுவைக் குறித்து, பழைய சக்கரத்தின் விளிம்பிலோ தடித்த மரத்துண்டிலோ வைத்து இரு பக்கமும் ஒரே சீராக இழுத்து வளைக்க வேண்டும். கம்பி சற்றே விரிந்து திரும்பும், அதனால் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துவிடுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே 50 சென்டிமீட்டர் இடைவெளி, தரைக்கு மேல் 25 முதல் 28 உயரம், மீதி இரு பக்கமும் மண்ணுக்குள். தரை மட்டத்தில் வெளிப்பக்கமாக 8 சென்டிமீட்டர் துண்டுக் கம்பியை வெல்டிங் செய்தால் காலால் மிதித்து இறக்கலாம். அந்தத் துண்டு மண்ணோடு மண்ணாக அழுந்தும்வரை மிதியுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு மாட்டும்.

வளையத்தை இதிலும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். உறை போட்ட பகுதியின் கனம் 4 சென்டிமீட்டர் என்றால் வளையத்தின் உள்விட்டம் 8 முதல் 10. பறவை இந்தப் பக்கம் இறங்கினால் வளையம் வில்லின் மேல் சறுக்கி இந்தப் பக்கம் வரவேண்டும், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். நடுவில் எங்கேயாவது தட்டி நின்றால் பறவை குட்டைக் கயிற்றில் தொங்கும்.

வில்லுக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. பறவை அதன் வழியாக உள்ளே புகுந்து மறுபக்கம் போய்த் திரும்பி மேலே ஏறினால் கயிறு கம்பியைச் சுற்றிக்கொள்ளும். வில்லின் இரு கால்களையும் தொடாமல், கனமான ரப்பர் தகடு ஒன்றை உறைப்பகுதிக்கு அடியிலிருந்து திரை போலத் தொங்கவிட்டு அந்த வழியை அடைக்கலாம். ஆனால் வளையம் கடந்து போக இடம் விட வேண்டும் என்பதால் இதைச் சரியாகப் பொருத்துவது சிரமம். பறவையின் தோள் நுழையாத அளவுக்கு வில்லைத் தாழ்வாக வைக்க வாலின் நீளம் விடாது. அதனால் என் யோசனை: முதல் சில நாள் கண்ணெதிரே வைத்துப் பாருங்கள். அடியில் புகும் பழக்கம் தெரிந்தால் அந்தப் பறவைக்குக் கட்டைப் பெர்ச்சுக்கு மாறிவிடுங்கள்.

வீட்டுக்குள் வைப்பதற்கு மண்ணுக்குப் பதில் கனமான இரும்புத் தகட்டில் வில்லை வெல்டிங் செய்வார்கள். பறவை முழு வேகத்தில் பாய்ந்தாலும் தகடு நகரக்கூடாது, ஒரு ஓரம் கூடத் தூக்கக்கூடாது. ஹாரிஸ் பருந்துக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் வையுங்கள்.

உறை

நல்ல உறை மூன்று வேலை செய்யும். எடையை ஒரே புள்ளியில் விடாமல் பல புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். காற்றையும் நீரையும் வழியவிடும். நகம் மாட்டாமல் பிடிமானம் கொடுக்கும். மெத்தென்று இருப்பது இந்தப் பட்டியலில் இல்லை. பஞ்சு, ஸ்பாஞ்ச் போன்றவை எடை பட்டவுடன் அமுங்கி, தட்டையாகி, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பறவை அதைப் பிய்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

கட்டைப் பெர்ச்சின் தலைக்கு நான் செயற்கைப் புல்லையே போடுவேன். 1966-இல் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் விரித்ததால் ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் பெற்ற பொருளின் உறவுதான். ஆனால் மைதானத்தில் விரிக்கும் மெல்லிய, துணி போன்ற ரகம் வேண்டாம். வாசலில் கால் துடைக்கப் போடும் கெட்டியான பிளாஸ்டிக் ரகம் வேண்டும். அதன் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக வளைந்து கொடுக்கும். பாதத்தின் கீழே நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தாங்கல்கள், நடுவே காற்று. மழை பெய்தாலும் நீர் கீழே இறங்கிவிடும். வாங்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குத்தினால் வேண்டாம். ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டாலும் வேண்டாம்.

கட்டையின் தலையைப் புல்விரிப்பின் பின்பக்கம் வைத்து வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நகம் மாட்டும், உள்ளே குறைந்தால் விரல் வெறும் மரத்தில் படும். நீர் புகாத பசை தடவி, மேலே கனமான பொருளை வைத்து ஒட்டுங்கள். வாடை முற்றிலும் போகும் வரை காயவிட வேண்டும். மூக்கை ஒட்டி வைத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியக்கூடாது. ஆணி, ஸ்டேபிள் பின் எதுவும் தலைப்பகுதியில் வேண்டாம். இன்று உள்ளே இருக்கும் முனை அடுத்த மாதம் மேலே வரும். வெட்டும்போதே இரண்டு வட்டம் வெட்டி ஒன்றை எடுத்து வையுங்கள்.

வில் பெர்ச்சுக்குக் கயிறு. சிசல் அல்லது மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறு சொரசொரப்பாக இருக்கும். நைலான் வழுக்கும். துண்டுத்துணி, கம்பளி போன்றவற்றில் நூல் வளையங்கள் உண்டு, நகம் அதில் சிக்கிக்கொண்டால் பறவை பாயும்போது விரலே சுளுக்கும். தோல் உறை வீட்டுக்குள் அழகாக நிற்கும். வெளியில் நனைந்து காய்ந்து விறைத்துப் போகும்.

கயிற்றின் கனத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் கம்பியில் 12 மில்லிமீட்டர் கயிறு ஒரு சுற்று வந்தால் மொத்தம் 36. வைரிக்கு 10 மில்லிமீட்டர் கம்பியும் 6 மில்லிமீட்டர் கயிறும் சேர்ந்து 22.

முதலில் வெறும் கம்பியின் மேல் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஒரு அடுக்கு இறுக்கிச் சுற்றுங்கள். இது இல்லாவிட்டால் கயிறு கம்பியின் மேல் உருளும், காலுக்கடியில் தரை நழுவுவது போல. டியூபின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றின் தொடக்க முனையைக் கம்பியின் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு ஒட்டித் தள்ளி, முழு பலத்தோடு இழுத்துச் சுற்ற வேண்டும். கை வலிக்காவிட்டால் இறுக்கம் போதவில்லை. வில்லின் நடுப்பகுதியில் 30 சென்டிமீட்டர் வரை மூடினால் போதும்.

கடைசி ஐந்தாறு சுற்று வரும்போது, மெல்லிய உறுதியான நூலை இரண்டாக மடித்து, மடிப்பு முன்னே வருமாறு கம்பியோடு படுக்கவைத்து அதன் மேல் சுற்றுங்கள். கயிற்றின் நுனியை அந்த மடிப்புக்குள் நுழைத்து, நூலின் மறுமுனைகளை இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். மேலே முடிச்சே இருக்காது. தடித்த கயிறு இப்படி உள்ளே போக மறுக்கும். அப்போது நுனியின் இழைகளில் பாதியைக் கத்தரித்து மெலிதாக்கிக்கொள்ளுங்கள். இரு ஓரங்களிலும் மெல்லிய கயிற்றால் சில சுற்று போட்டுச் சரிவு கொடுத்தால் வளையம் தட்டாமல் ஏறி இறங்கும்.

கயிறு சுற்றிய வில்லில் எடை எப்போதும் ஒரே மேடுகளில் விழுகிறது என்பது உண்மை. அதனால்தான் இரண்டு பெர்ச் செய்யச் சொல்கிறேன். ஒன்றில் கயிறு, மற்றதில் புல்விரிப்பு. வில்லில் புல்விரிப்பைச் சுற்றுவதானால், வெட்டு இரண்டும் சேரும் இடம் அடிப்பக்கம் வரட்டும். கேபிள் டை போட்டு இறுக்கினால் அதன் தலையும் அடிப்பக்கம் இருக்கட்டும். டையின் வெட்டிய முனை பிளேடு போல இருக்கும், அரத்தால் மழுக்கிவிடுங்கள். பகலில் ஒன்று, இரவில் மற்றது என்று மாற்றினாலே பாதத்துக்குப் பெரிய நிம்மதி.

பறவை ஏறுவதற்கு முன்னால்

பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பெர்ச் முழுக்கத் தடவுங்கள். வளையம், வெல்டிங் மேடு, உறையின் ஓரம் எதையும் விடாதீர்கள். காலுறையின் நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே அரம் போடுங்கள். வெல்டிங் இடங்கள் கயிற்றையும் நாளடைவில் அறுத்துவிடும்.

அடுத்து, பெர்ச்சை நட்டு, கட்டுக்கயிறைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தரையோடு தாழ்வாகப் பிடித்துக்கொண்டு கட்டையைச் சுற்றிப் பத்து முறை நடங்கள். வளையம் உங்களோடு சேர்ந்து சுற்ற வேண்டும். வில் என்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிப் பாருங்கள். பிறகு எல்லாத் திசையிலும் திடீர் திடீரென்று வெட்டி இழுங்கள். பெர்ச் அசைந்தால் இன்னும் ஆழமாக நட வேண்டும். மழை பெய்து மண் இளகிய மறுநாளும் இதே சோதனையைச் செய்யுங்கள். நேற்று கல் போல நின்றது இன்று ஒரே இழுப்பில் கையோடு வரும்.

வைக்கும் இடமும் கயிறும்

கட்டுக்கயிறு குட்டையாக இருப்பதே பாதுகாப்பு. நீளமான கயிற்றில் பறவை பாய்ந்தால் வேகம் எடுத்துவிடும், கயிறு முடியும் இடத்தில் அந்த வேகம் முழுக்கக் கால்களில் வெட்டும். நடுத்தரப் பறவைக்குப் பெர்ச்சிலிருந்து இறங்கி, தரையில் நின்று, தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் திரும்ப 60 முதல் 90 சென்டிமீட்டர் போதும். கயிற்றையும் உடலையும் விரித்த சிறகையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் சுவர், செடி, கல், குழாய் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு பறவைகள் இருந்தால், ஒன்றை நோக்கி ஒன்று முழு நீளம் பாய்ந்தாலும் நடுவே 1 மீட்டராவது மிஞ்ச வேண்டும். ஒரே கூட்டில் வளர்ந்தவை என்றாலும் இதில் சலுகை கிடையாது. எட்டினால் கொன்றுவிடும்.

தரை, குட்டையாக வெட்டிய புல்லோ உருண்டையான சின்னக் கூழாங்கல்லோ. சிமெண்ட் தரையில் வாலிறகும் சிறகு நுனிகளும் ஒரே வாரத்தில் தேய்ந்துவிடும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். காலை 8 மணிக்கு நிழலாக இருந்த இடம் 11 மணிக்கு வெட்டவெளி. கட்டிப்போட்ட பறவையால் எழுந்து நிழலுக்குப் போக முடியாது. நாயும் பூனையும் நரியும் நெருங்கும் இடத்தில் ஆள் பார்வை இல்லாமல் விடவே கூடாது.

பிறகு

எச்சத்தைத் தினமும் கழுவிவிடுங்கள். வாரம் ஒரு முறை தேய்க்கும் பிரஷ் போட்டு உறையின் இடுக்குகளைத் தேய்த்து, பறவைகளுக்குப் பாதுகாப்பான கிருமிநாசினியில் ஊறவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் முழுதும் காயவைத்த பிறகுதான் பறவையை ஏற்ற வேண்டும். மாற்றுப் பெர்ச் இருந்தால் இந்த அவசரம் இருக்காது. புல்விரிப்பின் நடுவில் இதழ்கள் சாய்ந்து தட்டையாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. கயிறு தளர்ந்தாலோ நார் பிரிந்தாலோ ஒட்டுப்போடாமல் முழுதும் மாற்றுங்கள்.

பாதத்தை வாரம் ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும், இரண்டு பாதத்தையும். பறவை கையுறையில் உணவைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு காலை மெல்லத் தூக்கினால் பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வையுங்கள், மெதுவாக வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒற்றைக் காலில் நின்று மற்றதை இறகுக்குள் இழுத்துக்கொள்வது நிம்மதியாக இருக்கும் பறவையின் வழக்கம். ஆனால் எப்போதும் ஒரே காலைத்தான் தூக்குகிறது, அடிக்கடி கால் மாற்றுகிறது, பெர்ச்சின் மேலேயே படுத்துக்கொள்கிறது என்றால் உடனே பாருங்கள். ஒரு காலில் வலி வந்தால் எடை முழுக்க மற்ற காலுக்குப் போகும், பிறகு அதுவும் கெடும்.

முகிழ்கள் அழிந்து இளஞ்சிவப்பாக மினுங்கும் நிலையில் பெர்ச்சை மாற்றி, எடையையும் பறக்கும் நேரத்தையும் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கருப்பான பொருக்கு, வீக்கம், சூடு தெரிந்தால் வேட்டைப்பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். பொருக்கை நீங்களே பெயர்க்காதீர்கள். போகும்போது உறையின் ஒரு துண்டையும் பெர்ச்சின் படத்தையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அது எதன்மேல் நிற்கிறது என்பதும் இருக்கும்.